பந்தில்லாத மாதங்கள்

நான் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் யாராவது வாயைக் கிளறினால் பேஸ்பாலைப் பற்றி ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். யாரை எந்த ஊருக்கு விற்றார்கள், யார் போகமாட்டேன் என்று அடம் பிடித்தார், எந்தக் கிளப் எந்தத் தபாலை நேரத்துக்குப் போடவில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மட்டையில் பட்ட பந்து எங்கே போனால் ரன், எங்கே போனால் இல்லை என்று மட்டும் இன்றுவரை சரியாகத் தெரியாது.

காரணம் என் வேலை. ஜெர்மனியில் வால்டோர்ஃபில் வேலை என்றால் ஊரில் எல்லோரும் அந்தப் பெரிய மென்பொருள் கம்பெனியைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளில் அது சௌகரியமாக இருப்பதால் நானும் திருத்துவதில்லை. நான் இருந்தது அங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, சுற்றிலும் கம்பி வேலி போட்ட ஓர் அலுவலக வளாகத்தில் இருந்த சின்னக் கம்பெனி. அதில் விளையாட்டுப் பிரிவு என்று ஒன்பது பேர். அமெரிக்காவில் பேஸ்பால் செய்தி வெளியிடும் ஒரு நிறுவனத்தின் கைபேசிச் செயலியை நாங்கள்தான் கவனித்துக்கொண்டோம்.

பேஸ்பால் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். பிறகு வசந்தம் வரும்வரை ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லாதபோது செயலியை யார் திறப்பார்கள்? அதற்காக ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். முன்பு ஏதோ ஒரு வருடம், ஓய்வுக்காலத்தின் இதே நாளில் என்ன நடந்தது என்று தினமும் ஒரு சின்னக் குறிப்பு. எழுதி அனுப்புபவர் அங்கே இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். அதைச் சரிபார்த்து, கைபேசித் திரைக்குத் தக்கபடி வெட்டி, எந்த நாளில் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைப்பது நான். மூன்று குளிர்காலம் இதைச் செய்தேன். அதனால் எனக்குத் தெரிந்த பேஸ்பாலில் பந்தே கிடையாது. ஒப்பந்தம், தொலைபேசி, கடிதம், வக்கீல், அவ்வளவுதான்.

முதல் குளிர்காலத்தில் எனக்கு இது விளையாட்டுச் செய்தியாகவே படவில்லை, ஆள் விற்கிற செய்தியாகத்தான் பட்டது. ஒரு கிளப் தன்னுடைய மிகப் பெரிய ஆட்டக்காரரைக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இன்னொரு ஊருக்கு விற்றது. செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் நாட்டின் மறுகோடியில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தாராம். விற்ற ஊர் அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் புலம்பியது என்று பத்திரிகையாளர் உருகி எழுதியிருந்தார். ஊர் புலம்பியது இருக்கட்டும், அந்த ஆளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. எனக்கு முன்கோபம் உண்டு, அதுவும் முன்பின் தெரியாதவர்கள் மேல் சுலபமாக வரும்.

பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும்போது பேரம் சரியாக முடியவில்லை என்றால், ஒருவரை மட்டும் அப்போதைக்குச் சொல்லாமல் விடுவார்கள். இன்னாரும் இன்னாரும், கூடவே பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஒருவரும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள். அந்த ஒருவன் எங்கோ தன் வீட்டில் மனைவியோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பான். விற்கப்பட்டது தான்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு தடவை அப்படிப் பின்னர் அறிவிக்கப்பட்டவர், முதலில் விற்கப்பட்ட அதே மனிதராம். தனக்குத் தானே ஈடாகத் திரும்பி வந்தார். அது ஆட்டம் நடக்கும் மாதங்களில் நடந்ததால் என் பக்கத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

என் கணவருக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஆள் தான்தான் என்று சொல்லிச் சிரிப்பார். புதியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அப்படியே தன்னை அறிமுகமும் செய்துகொள்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் திருச்சியில் வங்கி அதிகாரியாக இருந்தவர். எனக்கு இங்கே வேலை கிடைத்ததும் ராஜினாமா செய்துவிட்டுக் கூட வந்தார். என் குடியிருப்பு அட்டையைக் காட்டித்தான் அவருக்கு அட்டை. நான்கு வருடம் ஜெர்மன் வகுப்பு, நடுவில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை, இருபது வருடமாகக் கார் ஓட்டியவர் இங்கே மறுபடி எழுதித் தேறிய ஓட்டுநர் பரீட்சை. வீட்டு ஒப்பந்தம், காப்பீடு, நகராட்சி, வெளிநாட்டவர் அலுவலகம் என்று எல்லாக் காகித அலைச்சலும் அவருடையதுதான். நான் மீட்டிங்கில் இருப்பேன். அவர் நீலக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

மூன்றாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில், நவம்பர் நடுவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நகரமான ஹைடல்பெர்க்கில் டிராம் ஓட்டுநர் பயிற்சிக்கு அவர் தேர்வானார். பிப்ரவரியில் ஆரம்பம், முடித்தால் வேலை உறுதி. சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று கண்ணாடி முன் நின்று தோளை நிமிர்த்தித் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியை விட்ட பிறகு அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எதற்கோ திட்டுகிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் முப்பதாம் தேதி அலுவலகத்தில் எங்கள் ஒன்பது பேரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டு ஆளுக்கொரு வெள்ளை உறை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார்கள். விளையாட்டுப் பிரிவை எசன் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். ஜனவரி ஒன்றிலிருந்து நாங்கள் அவர்களுடைய ஆட்கள். மே மாதத்திலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் எசனுக்கு நேரில் வர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து எசனுக்கு நாலு மணி நேரம், அதுவும் ரயில் ஒழுங்காக வந்தால்.

இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு பிரிவை விற்றால் அதன் ஆட்களும் பழைய ஒப்பந்தத்தோடு கூடவே போவார்கள். ஆனால் பேஸ்பாலில் இல்லாத ஒன்று இங்கே உண்டு, ஆள் மறுக்கலாம். கடிதம் கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவித்தால் பழைய கம்பெனியிலேயே இருந்துகொள்ளலாம். தெரிவிக்காவிட்டால் சம்மதித்ததாக அர்த்தம். எனக்கு டிசம்பர் முப்பது வரை நேரம் இருந்தது.

எங்கள் குழுத் தலைவர் ஒரு ஜெர்மானியர், யோக்கியமான மனிதர். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் எசனுக்குப் போகப்போவதில்லை, மருத்துவமனைகளுக்கான பிரிவுக்கு மாறுகிறார், அங்கே ஓர் இடம் காலி. நான் ஆட்சேபம் தெரிவித்துப் பழைய கம்பெனியில் தங்கிவிட்டால் அந்த இடம் எனக்கு. எழுதி எதுவும் தர முடியாது, ஆனால் தன் வாக்கை நம்பலாம் என்றார்.

அவரை நம்பினேன். இருந்தாலும் மூன்று வாரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் குடியிருப்பு அட்டையோடு ஒரு பச்சைத் தாள் இணைத்திருப்பார்கள், அதில் முதலாளியின் பெயர் அச்சடித்திருக்கும். நிரந்தர அனுமதி கிடைக்க இன்னும் எட்டு மாதம் விடாமல் வேலையில் இருந்தாக வேண்டும். ஆட்சேபித்த பிறகு அந்தக் காலி இடம் கைவிட்டுப் போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது நான்தான். வேலை போனால் மூன்று மாதத்துக்குள் இன்னொன்று தேட வேண்டும், மென்பொருள் கம்பெனிகள் எல்லாம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. நான் விழுந்தால் என் அட்டையில் தொங்கும் கணவரும் விழுவார். எசனுக்குப் போனாலோ அவருடைய டிராம் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். பஸ்ஸில், குளியலறையில், மீட்டிங் நடுவில் எல்லாம் இதே நினைப்பு.

பிரிவை விற்றது அவருக்குத் தெரியும். ஆட்சேபம், கெடு, காலி இடம் எதையும் நான் சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டார். அந்தக் கடிதத்தைக் காட்டு, நானும் ஒரு தரம் படிக்கிறேன் என்றார். இரண்டாவது தடவை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஆபீஸ் விஷயம், உங்களுக்குப் புரியாது. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

அந்த டிசம்பரில் என் பக்கத்துக்கு வந்த குறிப்புகளில் ஒன்றை மட்டும் பல தடவை படித்தேன். பன்னிரண்டு வருடம் ஒரே கிளப்புக்கு ஆடிய ஒருவரை, விடிவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு உன்னை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள். அடுத்து ஒரு சின்ன அட்டை வந்தது, அதில் ஒரு கட்டத்தில் சரி என்று குறி போட்டிருந்தது. மாற்றலுக்கு அவ்வளவுதான் மரியாதை. அவர் போக மறுத்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில், ஆட்டத்தையே ஆளும் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருள் அல்ல என்பதுதான் அதன் சாரம். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு முடிந்தது. சில வருடம் கழித்து வேறு இருவர் மூலம், விரும்பிய கிளப்புக்குப் போகும் கதவு ஆட்டக்காரர்களுக்குத் திறந்தபோது அவர் உள்ளே இல்லை. இந்தக் குறிப்பை டிசம்பர் இருபத்துநான்குக்கு ஏற்பாடு செய்து வைத்தேன். அவருக்கு இருந்த முதுகெலும்பில் பாதியாவது எனக்கு வேண்டாமா என்று தோன்றியது.

டிசம்பர் இருபதாம் தேதிக்கான குறிப்பு வேறு மாதிரி. ஒரு கிளப், பந்து பிடிக்கும் தன் கேட்சருக்குப் புது ஒப்பந்தத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் தபாலில் போட வேண்டும். போட்டார்கள், ஓரிரண்டு நாள் தாமதமாக. தபால் முத்திரையில் இருந்த தேதி காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தத் தாமதத்தால் கேட்சர் விடுபட்டு, விரும்பிய கிளப்புக்குப் போய்விட்டார். பத்திரிகையாளர் நீளமாக எழுதியிருந்தார். நான் பாதியாக வெட்டி, ஒரு முத்திரையால் கிடைத்த விடுதலை என்று தலைப்பும் வைத்தேன். தலைப்பு எனக்கே பிடித்திருந்தது.

அதே நாள், அதே நாற்காலியில், என் ஆட்சேபத்தையும் அனுப்பினேன். நான்கே வரி, பிழையில்லாத ஜெர்மன். எப்போதோ கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்த கையெழுத்தைக் கீழே ஒட்டி, கோப்பாக மாற்றி, மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. கிடைத்தது, நன்றி, இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அன்று நன்றாகத் தூங்கினேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படித்தான். முதல் பக்கம், கடைசித் தேதி, எங்கே அமுக்க வேண்டும், இவ்வளவுதான் பார்ப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கும் புது வருடத்துக்கும் நடுவில் இருக்கும் வாரம் யாருக்கும் சொந்தமில்லாதது. போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், கேட்டால் ஜனவரியில் பார்க்கலாம் என்பார்கள்.

டிசம்பர் முப்பது மதியம் என் கணவருக்கு வந்த ஒரு பார்சலை வாங்கப் போனேன். நாங்கள் குடியிருந்தது லைமனில். அங்கே பார்சல் எடுக்கும் இடம் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் மளிகைக் கடை. அக்கா என்று நான் கூப்பிட்டாலும் அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். பெட்டியை எடுத்துக் கொடுத்தார். டிராம் கம்பெனிக்குச் சீருடை தைப்பவர்கள் அனுப்பியது. கணவருக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னேன். சொன்ன வேகத்தில் எசன் கதையையும், மின்னஞ்சலில் நான் சாமர்த்தியமாகத் தப்பித்ததையும் சொல்லிவிட்டேன். அக்கா ரசீதைக் கிழிப்பதை நிறுத்தினார்.

"ஈமெயிலோ? அது செல்லாது. பேப்பரிலை, மையாலை கையெழுத்து வைச்சுக் குடுக்கோணும். எங்கடை அகதிக் கேஸிலை ஒரு கையெழுத்துக்கு நாங்கள் ரெண்டு வருசம் அலைஞ்சனாங்கள். எப்ப கடைசி நாள்?"

"இன்னிக்குதான்" என்றேன்.

"அப்ப ஏன் இஞ்சை நிக்கிறியள்? இந்தாங்கோ பேனை."

கைபேசியில் கடிதத்தின் படம் இருந்தது. மூன்றாம் பக்கத்தை அந்தக் கடையில் நின்றுதான் முதன்முதலாகப் படித்தேன். தெளிவாக, தடித்த எழுத்தில் இருந்தது. சொந்தக் கையெழுத்திட்ட மூலத்தாள், கெடுவுக்குள், கம்பெனியிடம் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் போதாது என்றுகூடப் போட்டிருந்தார்கள். அரிசி மூட்டைமேல் தாளை வைத்து அந்த நான்கு வரியையும் எழுதினேன். அவசரத்தில் என் பெயரே கோணலாக விழுந்தது. அக்கா ஓர் உறையைத் தந்து, காசு வேண்டாம், பஸ்ஸைப் பிடியுங்கோ என்று விரட்டினார்.

விடுமுறைக் கால அட்டவணை, பஸ் நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தது. வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது, மழைத் தூறல். வெளிக்கதவு பூட்டியிருந்தது. என் அட்டையை வைத்தேன், சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன், சிவப்பு. ஆண்டிறுதியில் வளாகம் மூடப்படும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதை அறிவித்த மின்னஞ்சலையும் நான் படிக்காமல்தான் தள்ளியிருப்பேன். கம்பிகளுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு. அதற்குள்ளே எங்கள் கம்பெனியின் தபால்பெட்டி தெரிந்தது. நான்கு வருடமாக இந்த இடத்திலிருந்து எப்போது வெளியே போவோம் என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே விடச் சொல்லிக் கம்பியைப் பிடித்து ஆட்டினேன்.

குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கில் இருந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், ஆனால் சாவி அவரிடம் இல்லை. வளாகத்துக் காவல் எண்ணில் பதிவு செய்த குரல் ஜனவரி இரண்டாம் தேதி கூப்பிடச் சொன்னது.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பூச்செடி ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கல்லைச் சுற்றி மடித்து, தலையில் போட்டிருந்த ரப்பரைக் கழற்றிக் கட்டினேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேலிக்கு மேலே கண்ணாடிக் கதவைக் குறிபார்த்து வீசினேன். மூன்று குளிர்காலமாகக் கடிதங்களும் வக்கீல்களும் மட்டுமே இருந்த என் பேஸ்பாலில் அன்றுதான் முதன்முதலாக ஒன்று பறந்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு புதருக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதேன். பிறகு நனைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்சேபம், காலி இடம், மின்னஞ்சல், கல். அவர் கேட்டுக்கொண்டே சீருடையைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் பட்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். படவில்லை. அலமாரியிலிருந்து நீலக் கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் நான்கு வருடத்துப் பதிவுத் தபால் சீட்டுகள், தேதிவாரியாக.

"இந்த ஊர் ஆபீசுக்கெல்லாம் நாலு வருஷமா நான்தான் பேப்பர் தூக்கிட்டு அலையறேன். எது தபால்ல போகணும், எது கையில கொடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஒரு தடவை என்கிட்ட அந்த லெட்டரைக் காட்டியிருக்கலாம்ல."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். உங்களுக்குப் புரியாது என்று நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். விற்றவர்கள் அந்தப் பெரிய ஆட்டக்காரரை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று முன்பின் தெரியாத பத்திரிகையாளரிடம் சண்டைக்குப் போனவள், என் வீட்டுக்குள் இருந்த ஆளைக் கேட்கவில்லை.

ஜனவரியில் மனிதவளத் துறையிலிருந்து பதில் வந்தது. மின்னஞ்சல் விதிப்படி இல்லை, மூலத்தாள் கெடுவுக்குள் வரவில்லை, ஆகவே முதல் தேதியிலிருந்து என் வேலை எசன் கம்பெனிக்கு மாறிவிட்டது, மேலும் வளர வாழ்த்துகள். கூடவே ஒரு சின்ன உறை. இரண்டாம் தேதி தோட்டக்காரர் கண்டெடுத்த என் கடிதத்தைக் காயவைத்து அனுப்பியிருந்தார்கள். இங்கே எதையும் அப்படியே தூக்கி எறிய மாட்டார்கள். தலை ரப்பரும் இருந்தது, கல் மட்டும் இல்லை. ஒரு வக்கீலிடம் போனோம், நீலக் கோப்போடு. அவர் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பச்சைத் தாளில் புதுக் கம்பெனியின் பெயர் ஏறியது. வேலையை விடவும் வழியில்லை. நிரந்தர அனுமதி வரும்வரை நான் அங்கே இருந்தாக வேண்டும், அவர் அட்டையும் அதைப் பொறுத்தது. எசனில் வீடு பார்க்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகக் கேட்டேன். அங்கேயும் டிராம் ஓடுகிறதே, பிறகு முயற்சி செய்யலாமே என்று இழுத்தேன். அவர் பயிற்சிப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ போயிட்டு வா. இந்த ஒரு தடவை நான் கூட வரல."

கோபம் வந்தது. உடனே அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரிந்தது. எசனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் ஒற்றை அறை பிடித்தேன். திங்கள் காலை போய் வியாழன் மாலை திரும்புவது என்று ஏற்பாடு.

மே மாதத்து முதல் திங்கட்கிழமை விடிந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு லைமன் டிராம் நிறுத்தத்துக்குப் போனேன். ஹைடல்பெர்க் போய், அங்கே இன்னொரு டிராம் மாறி, ரயிலைப் பிடிக்க வேண்டும். அவர் எனக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். பரீட்சை தேறி, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, பயணிகளை ஏற்றி ஓட்டும் முதல் வாரம் அது. எந்த வண்டி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்து நின்ற வண்டியில் அவர் இருந்தார். நீலச் சீருடை, தோள் நிமிர்ந்து, கண் பாதையில்.

முதல் இருக்கையில் உட்கார்ந்தேன். நடுவில் கண்ணாடி. ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அவர் திரும்பவில்லை. அவர் முன்னால் இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் என் பெட்டியின் கைப்பிடி தெரிந்திருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவாக நிறுத்தி, கதவைத் திறந்து, மூடி, கிளம்பினார். பயிற்சியாளர் இரண்டு தடவை தலையாட்டினார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஓட்டப் பின்னால் நான் போனேன், அதுவும் அவரை விட்டுப் போவதற்கு.

நான் டிராம் மாற வேண்டிய பிஸ்மார்க் சதுக்கத்தில் வண்டி நின்றது. எழுந்து கதவருகில் போய்ப் பொத்தானை அமுக்கினேன். திறக்கவில்லை. அது அவர் விடுவித்தால்தான் திறக்கும். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து என் தோளுக்கு மேலே கையை நீட்டி மறுபடி அமுக்கினார். திரும்பிப் பார்த்தேன். பயிற்சியாளர் ஏதோ சொன்னார், என் கணவரின் கை விசைமேல் இருந்தது, கண் என்மேல் இருந்தது. ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு கதவைத் திறந்தார், நான் இறங்கினேன்.